ஜோடியைத் திட்டினால் ஜெயிக்க முடியுமா?

சீட்டாட்டம் என்றால் பலருக்குச் சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். பணம், பந்தயம், போலீஸ்! ஆனால் பணமே இல்லாமல், மூளையை மட்டும் நம்பி ஆடும் சீட்டாட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பிரிட்ஜ்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசன்ஹோவர் இதை ஆடினார். சீனத் தலைவர் டெங் சியாவோபிங் ஆடினார். எகிப்து நாட்டு சினிமா நடிகர் ஓமர் ஷெரீப் சர்வதேசப் போட்டிகளிலேயே ஆடினார். அமெரிக்கக் கோடீஸ்வரர் வாரன் பபெட் கம்ப்யூட்டரைத் தொட்டதே இந்த ஆட்டத்துக்காகத்தான். இன்டர்நெட்டில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் "டி-போன்."

இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டும் பிரிட்ஜைப் பற்றிப் பேசியிருக்கிறது. ரம்மி ஆட்டம் வெறும் அதிர்ஷ்டமா, திறமையா என்று 1967-ல் ஒரு வழக்கு வந்தது. திறமையே பிரதானம் என்றது கோர்ட்டு. ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டத்தைப் போன்றதுதான் என்றும் சொன்னது.

இப்படி கௌரவமான ஆட்டம். ஆனால் இதைப் பிடித்த வியாதி ஒன்று இருக்கிறது. எதிரியைத் திட்டுகிறவர்கள் இதில் குறைவு. சொந்த ஜோடியைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்!

நாலு பேர், இரண்டு ஜோடி

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை.

நாலு பேர் ஆடுவார்கள். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. 52 சீட்டுகள், ஆளுக்கு 13. ஒருவர் ஒரு சீட்டு இறக்குவார். மற்ற மூவரும் அதே இனத்தில் ஒரு சீட்டு போடவேண்டும். பெரிய சீட்டு ஜெயிக்கும். இந்த நாலு சீட்டும் சேர்ந்து ஒரு பிடி. ஆகமொத்தம் 13 பிடி.

முதலில் ஏலம் நடக்கும். "இந்த இனம் துருப்பாக இருந்தால் இத்தனை பிடி எடுப்போம்" என்று ஒரு ஜோடி ஏலம் எடுக்கும். "நாலு இஸ்பேடு" என்றால், இஸ்பேடு துருப்பு, பத்துப் பிடி எடுத்தாகவேண்டும் என்று அர்த்தம். ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் 13 சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பிவிட்டு சும்மா இருப்பார். அவருக்கு "டம்மி" என்று பெயர்.

எதிர்ஜோடிக்கு ஒரே வேலை: தடுப்பது!

இந்தத் தடுப்பாட்டம்தான் பிரிட்ஜில் மிகவும் கஷ்டமான பகுதி. காரணம் எளிது. ஏலம் எடுத்தவர் தன் கையையும் பார்க்கிறார், டம்மியையும் பார்க்கிறார். தன் பக்கத்து 26 சீட்டுகளும் அவர் கண்முன்னே இருக்கின்றன. தடுக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. வாய்விட்டுப் பேசவும் கூடாது. கண் ஜாடை காட்டக்கூடாது. இறக்குகிற சீட்டுதான் பேச்சு. அந்தப் பேச்சு புரியாதபோது கோபம் வருகிறது.

இன்டர்நெட் வந்த பிறகு

இப்போது வழங்கும் பிரிட்ஜுக்குக் கணக்கு வகுத்தவர் அமெரிக்கச் செல்வந்தர் ஹெரால்ட் வாண்டர்பில்ட். 1925-ல், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பலில், பொழுதுபோக்காக நண்பர்களுடன் ஆடிப் பார்த்தார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது.

1990-ல் "ஓகே பிரிட்ஜ்" என்ற பெயரில் இன்டர்நெட்டில் ஆட வழி பிறந்தது. 2001-ல் "பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்" வந்தது. 2020-ல் கொரோனா வந்து ஊர் ஊராக கிளப்புகளை மூடியபோது, வீட்டில் அடைந்துகிடந்த வயதானவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். அதுவரை காகிதச் சீட்டைத் தவிர வேறொன்றைத் தொடாத பாட்டிகளும் தாத்தாக்களும் அதில் உண்டு.

கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சில சௌகரியங்கள் இருக்கின்றன. முறை தவறிச் சீட்டு இறக்க முடியாது. கையில் இனம் இருக்கும்போது வேறு இனம் போட முடியாது, மெஷின் விடாது. சீட்டு கலைக்க வேண்டாம், கணக்கு எழுத வேண்டாம். நள்ளிரவில்கூட எதிரே உட்கார ஆள் கிடைக்கும்.

அந்த ஆள் யார் என்பதுதான் தெரியாது! துருக்கியில் ஒரு டாக்டராக இருக்கலாம். போலந்தில் ஒரு மாணவனாக இருக்கலாம். கல்கத்தாவில் ரிட்டயரான வாத்தியாராக இருக்கலாம். முகம் கிடையாது. குரல் கிடையாது. ஒரு புனைபெயரும் ஒரு கொடியும்தான் அடையாளம்.

முகம் தெரியாத இடத்தில் மரியாதை சுலபமாகப் பறந்துவிடுகிறது. கிளப்பில் எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் "என்ன இப்படிப் போட்டீர்கள்?" என்று மெதுவாகக் கேட்கிற மனிதர், கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தைகூட எழுதமாட்டார். மூன்று கேள்விக்குறிகளைத் தட்டுவார். "???" அவ்வளவுதான். "உனக்கு அறிவிருக்கிறதா?" என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

அடுத்த நிமிஷம் எதிர் நாற்காலி காலி. ஜோடி எழுந்து போய்விடுவார். அல்லது மேஜையைத் திறந்தவர், தமக்கு எதிரே இருப்பவரை ஒரே தட்டில் வெளியே தள்ளிவிடுவார். அந்த இடத்தில் ஒரு ரோபோ வந்து உட்காரும்.

ஒரு கையைப் பார்ப்போம்

திட்டுகிறவர் பக்கம் நியாயம் இருக்கிறதா? ஒரு கையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட கைகள் மேஜைக்கு மேஜை வருவதுதான்.

ஏலம் எடுத்தவர் தெற்கே இருக்கிறார். நாலு இஸ்பேடு. பத்துப் பிடி எடுக்கவேண்டும். தடுப்பவர்கள் நாலு பிடி எடுத்துவிட்டால் ஏலம் கவிழ்ந்தது.

மேற்கே இருப்பவர் கையில் ஆர்ட்டின் ஏஸ், ராஜா, 8, 5, 3. கிளாவரில் ஏஸ், 10, 8. மற்றதெல்லாம் சில்லறை.

அவர் முதலில் ஆர்ட்டின் ஏஸை இறக்கினார். டம்மி விரிந்தது. டம்மியில் ஆர்ட்டின் ராணி, 7, 4. டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று வரிசையாக நாலு. கிளாவரில் 7, 3, 2. இஸ்பேடில் ஏஸ், 9, 6.

கிழக்கே இருக்கும் ஜோடி, ஆர்ட்டின் 9-ஐப் போட்டார். மேற்கு அடுத்து ராஜாவை இறக்கினார். கிழக்கு 2-ஐப் போட்டார்.

முதலில் பெரியது, பிறகு சின்னது. இது பிரிட்ஜில் ஒரு பாஷை. "என்னிடம் ஆர்ட்டின் இரண்டுதான் இருந்தது. இன்னொன்று இறக்கு, துருப்பால் வெட்டுகிறேன்" என்று அர்த்தம்.

மேற்குக்குப் புரிந்தது. மூன்றாவது ஆர்ட்டினை இறக்கினார். கிழக்கு ஒரு சின்ன இஸ்பேடால் வெட்டினார். மூன்று பிடி வந்துவிட்டது. இன்னும் ஒன்று போதும்!

இப்போது சீட்டு இறக்கவேண்டியவர் கிழக்கு. எதை இறக்குவது? டைமனா, கிளாவரா?

அவர் கையில் டைமன் 8, 6, 5, 3. கிளாவரில் ராணி, ஜாக்கி, 9, 6, 4. டம்மியில் டைமன் ஏஸ் இல்லை. அது மேற்கிடம் இருக்கலாம், தெற்கிடமும் இருக்கலாம். கிளாவர் ஏஸும் அப்படித்தான். யோசித்தார். டைமனை இறக்கினார்.

போச்சு!

டைமன் ஏஸ் தெற்கிடம் இருந்தது. அவர் பிடித்தார். மிச்சத் துருப்பை இரண்டு சுற்றில் வாங்கினார். பிறகு டம்மியின் டைமன்களை ஒவ்வொன்றாக ஆடி, தன் கையில் இருந்த கிளாவர் ராஜாவையும் 5-ஐயும் கழித்துவிட்டார். ஆறு இஸ்பேடு, நாலு டைமன். சரியாகப் பத்துப் பிடி. மேற்கின் கிளாவர் ஏஸ் கடைசிவரை ஒரு பிடியும் எடுக்காமல் கையிலேயே செத்தது.

கிழக்கு ஒரு கிளாவர் இறக்கியிருந்தால் நாலாவது பிடி அப்போதே கிடைத்திருக்கும். ஏலம் கவிழ்ந்திருக்கும்.

இங்கேதான் "???" வருகிறது.

யார் குற்றவாளி?

மேற்கு என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான். "மூன்றாவது ஆர்ட்டினாக நான் எதை இறக்கினேன்? 3-ஐ! என்னிடம் 8, 5, 3 மூன்றும் இருந்தன. அதில் மிகச் சிறியதை ஏன் இறக்கினேன்? கீழ்த்தர இனத்தை, அதாவது கிளாவரைத் திருப்பி இறக்கு என்பதற்குத்தானே! டைமன் வேண்டுமென்றால் 8-ஐ இறக்கியிருக்கமாட்டேனா?"

இதிலும் உண்மை இருக்கிறது. பிரிட்ஜில் இனங்களுக்குத் தரவரிசை உண்டு. கீழே கிளாவர், அதற்கு மேல் டைமன், பிறகு ஆர்ட்டின், உச்சியில் இஸ்பேடு. ஜோடி வெட்டப்போகிற சீட்டைச் சிறியதாக இறக்கினால் மிஞ்சிய இரண்டில் கீழ் இனத்தைக் கேட்கிறார். பெரியதாக இறக்கினால் மேல் இனம். 1930-களில் அமெரிக்கரான ஹை லாவின்தால் எழுதிப் பரப்பிய முறை இது. கிழக்கு நின்று பார்த்திருந்தால், 2 தன்னிடம்தான் இருந்தது, ஆகவே வந்த 3-தான் பாக்கியில் மிகச் சிறியது என்று தெரிந்திருக்கும்.

ஆகவே கிழக்கு தப்பு செய்தார். அதில் சந்தேகமில்லை.

ஆனால் மேற்கு?

அவர் கையில் கிளாவர் ஏஸ் இருந்தது. கிழக்கு ஆர்ட்டினை வெட்டப்போகிறார் என்பதும் தெரியும். இரண்டு ஆர்ட்டின், ஒரு வெட்டு, கிளாவர் ஏஸ். ஆக நாலு பிடி. கணக்கு அப்போதே முடிந்துவிட்டது. அப்படியானால் மூன்றாவது ஆர்ட்டினை இறக்குவதற்கு முன், கிளாவர் ஏஸை இறக்கி அந்தப் பிடியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாமே! அதன்பின் ஆர்ட்டினை இறக்கினால், கிழக்கு வெட்டியவுடன் நாலு பிடி முடிந்தது. பிறகு கிழக்கு எதை இறக்கினால் என்ன? டைமன் இறக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு எதையாவது இறக்கட்டும். ஏலம் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான்.

தெற்கிடம் கிளாவரே இல்லாமல் இருந்தால், ஏஸை அவர் வெட்டிவிடுவாரே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் மேற்கிடம் மூன்று கிளாவர், டம்மியில் மூன்று. பாக்கி ஏழும் கிழக்கிடமே போய்ச் சேர்ந்திருப்பது மிக அபூர்வம். அந்த அபூர்வத்துக்குப் பயப்படுகிறவர், முன்பின் தெரியாத ஒருவர் தம் 3-ஐச் சரியாகப் படிப்பார் என்று மட்டும் எப்படி நம்பினார்?

தப்பு செய்தவர் கிழக்கு. தப்பு செய்ய இடம் கொடுத்தவர் மேற்கு. திட்டியவரும் அவரே!

தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஜோடி சரியான சீட்டைக் கண்டுபிடிப்பான் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. தப்பான சீட்டை இறக்கவே முடியாதபடி செய்துவிடுகிறார்கள். ஜோடி யோசிக்கவேண்டிய கஷ்டத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பிரிட்ஜில் மரியாதை என்பது இதுதான். "தாங்க்யூ பார்ட்னர்" என்று தட்டுவது அதற்கு அப்புறம்.

"எல்லோருக்கும் தெரிந்த" பாஷை

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 9-க்குப் பிறகு 2 போட்டால் "வா" என்று அர்த்தம் என்று மேலே சொல்லப்பட்டது. ஆனால் அதைத் தலைகீழாக ஆடுகிறவர்களும் உலகத்தில் ஏராளம். அவர்களுக்குச் சின்ன சீட்டுதான் "வா." பெரிய சீட்டு "வேண்டாம்." இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் ஒரே மேஜையில் ஒருவர் நேராகவும் ஒருவர் தலைகீழாகவும் ஆடினால் என்ன ஆகும்? ஒருவர் தமிழிலும் ஒருவர் ஜப்பான் மொழியிலும் பேசிக்கொண்டு, "நான் சொன்னது புரியவில்லையா?" என்று சண்டை போட்டுக்கொள்வதுபோல இருக்கும்.

கிளப்பில் ஆடும் ஜோடிகள் தங்கள் முறைகளை ஓர் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். இன்டர்நெட்டில் அவசரமாகச் சேர்ந்த ஜோடிக்கு அது பெரும்பாலும் இல்லை. "நான் ஆடுகிற முறைதான் எல்லோரும் ஆடுவது" என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

கன்சாஸ் நகரத்தில் நடந்தது

ஜோடிச் சண்டை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. பிரிட்ஜ் ஆடும் நாடுகளில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு.

அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் கன்சாஸ் என்று ஒரு நகரம். 1929-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜான் பென்னட் என்பவரும் அவர் மனைவி மிர்ட்டிலும் ஒரு ஜோடி. அக்கம்பக்கத்துத் தம்பதிகளான ஹாஃப்மன்கள் எதிர்ஜோடி. சாதாரணப் பொழுதுபோக்கு ஆட்டம்.

ஒரு கையில் பென்னட் இஸ்பேடு ஏலம் கேட்டார். மனைவி அதை நாலு இஸ்பேடாக உயர்த்தினாள். பென்னட் ஆடினார், ஏலம் கவிழ்ந்தது.

வாக்குவாதம் முற்றியது. "ஆடத் தெரியாதவர்" என்று மனைவி ஏசினாள். விருந்தாளிகள் எதிரிலேயே கணவர் அவளைக் கன்னத்தில் அறைந்தார். "இனி இந்த வீட்டில் இருக்கமாட்டேன்" என்று புறப்பட ஆயத்தமானார். மனைவி உள்ளே போனாள். தன் தாயின் கைத்துப்பாக்கியோடு வெளியே வந்தாள். சுட்டாள். பென்னட் பிணமானார்.

1931-ல் வழக்கு நடந்தது. செனட்டராக இருந்த பிரபல வக்கீல் ஜேம்ஸ் ரீட், மிர்ட்டிலுக்காக வாதாடினார். ஜூரிகள் அவளை விடுதலை செய்துவிட்டார்கள்!

இதில் வேடிக்கை ஒன்று. அன்றைய பிரிட்ஜ் மன்னர் ஈலி கல்பர்ட்சன் அந்தக் கை என்று சொல்லப்பட்டதை எடுத்துவைத்து ஆராய்ந்தார். வேறு மாதிரி ஆடியிருந்தால் நாலு இஸ்பேடைச் செய்திருக்கலாம் என்று எழுதினார். பென்னட்டுக்கு அது என்ன பிரயோஜனம்?

அறையும் துப்பாக்கியும் கம்ப்யூட்டரில் வராது. ஆனால் தொடக்கம் ஒன்றுதான். ஒரு கை கவிழ்கிறது. ஒருவருக்கு அவமானம். அதை ஜோடியின் தலையில் கட்டப் பார்க்கிறார்.

திட்டினால் கற்றுக்கொள்வார்களா?

"கண்டித்துச் சொன்னால்தானே கற்றுக்கொள்வார்கள்? எல்லாவற்றையும் சகித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் எப்படி முன்னேறும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. பலர் நல்ல ஆட்டக்காரர்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடிய பிறகு, ஒரு கவனக்குறைவால் எல்லாம் போனால் மனசு எரியத்தான் செய்யும்.

ஆனால் கற்றுக்கொடுக்கும் நேரம் அதுவா? அடுத்த கை வந்து காத்திருக்கிறது. திட்டு வாங்கியவர் அந்தக் கையை எப்படி ஆடுவார்? பயந்து ஆடுவார். போன கையைப் பற்றியே நினைத்துக்கொண்டு ஆடுவார். ஒரு பிடியில் போன நஷ்டம் ஐந்து கைகளுக்கு நீளும். லாபம் எதிரிகளுக்குத்தான். அவர்கள் சிரிப்பது திரையில் தெரியாது, அவ்வளவே.

இன்னொரு ரகம் இருக்கிறது. கை முடிந்ததும் நாலு பேர் சீட்டும் திரையில் தெரியும். பொத்தானைத் தட்டினால், எந்தச் சீட்டு போட்டால் எத்தனை பிடி என்று கம்ப்யூட்டரே சொல்லும். உடனே "கிளாவர் போட்டிருந்தால் கவிழ்ந்திருக்கும்" என்று தீர்ப்பு! கம்ப்யூட்டர் 52 சீட்டையும் பார்த்துச் சொல்கிறது. ஆடினவர் 13-ஐயும் டம்மியையும் பார்த்து ஆடினார். இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர் வாத்தியார் ஆகலாமா?

சரியான கேள்வி, "கிளாவர் போட்டிருக்கவேண்டாமா?" என்பது அல்ல. "என் 3-ஐ எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும். முதல் கேள்விக்கு நாற்காலி காலியாகும். அதையும் ஆட்டம் முடிந்த பிறகு, எதிரிகள் பார்க்காமல், தனிச் செய்தியாக அனுப்ப வசதி இருக்கிறது.

பிரிட்ஜ் சட்டப் புத்தகத்தில் 74-வது விதி என்று ஒன்று உண்டு. மேஜையில் யாரையும் எரிச்சலூட்டும்படியோ சங்கடப்படுத்தும்படியோ பேசக்கூடாது என்பது அதில் ஒன்று. ஜோடியைப் பேசலாம், எதிரியைத்தான் பேசக்கூடாது என்று எந்த விலக்கும் அதில் இல்லை.

ஜாடையும் தாமதமும்

மரியாதைக்கு இன்னொரு பக்கம் நாணயம். தடுப்பவர்கள் சீட்டால் மட்டுமே பேசலாம் என்பதை உலக வீரர்களே மீறியதாகப் புகார்கள் வந்திருக்கின்றன. 1965-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், இங்கிலாந்தின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ இருவரும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஆர்ட்டின் கணக்கைச் சொன்னார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. உலக சம்மேளனம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. இங்கிலாந்தில் சர் ஜான் ஃபாஸ்டர் தனியாக விசாரித்து, 1966-ல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார். இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

கம்ப்யூட்டரில் விரல் தெரியாது. ஆனால் டெலிபோன் இருக்கிறது! கணவர் முன்கூடத்தில், மனைவி சமையலறையில். இருவரும் ஒரே மேஜையில் ஜோடி. "என்கிட்டே ஏஸ் இருக்கு" என்று ஒரு குரல் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்கும் தெரியாது என்பது வாஸ்தவம். அப்படி ஜெயித்த ஜெயத்தில் ருசி என்ன இருக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

தாமதமும் ஒரு பேச்சுதான். ஜோடி ரொம்ப நேரம் யோசித்துப் போட்டால், "அவரிடம் ஏதோ இருக்கிறது" என்று ஊகித்து அதன்படி ஆடக்கூடாது என்று விதி. கம்ப்யூட்டரில் அந்த ஊகம் பெரும்பாலும் தப்பாகவும் போகும். யோசித்தாரோ, வாசலில் மணி அடித்ததோ, அடுப்பில் பால் பொங்கியதோ! இன்டர்நெட் திணறியதோ!

அறுபது வயதில் தங்கம்

2018-ல் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல்முறையாக பிரிட்ஜும் அதில் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் இந்தியர்கள்: பிரணப் பர்தன், வயது 60, ஷிப்நாத் சர்க்கார், வயது 56. இருவரும் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். ஓட்டமும் தாண்டலும் நடக்கிற இடத்தில், தலை நரைத்த இரண்டு பேர் கழுத்தில் தங்கம்!

அந்த இருவரும் அவசரமாகச் சேர்ந்த ஜோடி அல்ல. ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியவர்கள். ஒருவர் 3-ஐ இறக்கினால் மற்றவருக்கு அது 3 மட்டும் அல்ல. அந்தப் பழக்கத்தை முதல் நாளே ஒரு அந்நியரிடம் எதிர்பார்ப்பதும், கிடைக்காதபோது சீறுவதும் சிறுபிள்ளைத்தனம்.

ஆட்டம் தொடங்குமுன் அரை நிமிஷம் செலவு செய்தால் பாதிச் சண்டை குறையும். "பெரிய சீட்டு போட்டால் வா என்று அர்த்தம், சரியா?" என்று ஒரு வரி. "நான் புதியவன், மெதுவாக ஆடுவேன்" என்று ஒரு வரி. எதிரே இருப்பவர் "சரி" என்று தட்டினால் போதும். கையின் நடுவில் வீட்டு வேலை வந்தால், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஏலம் எடுத்தவர் "பாக்கி எல்லாம் என் பிடி" என்று காட்டும்போது, அது சரி என்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடிக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

திட்டு வாங்கி அலுத்த பலர் இப்போது மனிதர்களோடு ஆடுவதையே விட்டுவிட்டார்கள். மூன்று ரோபோக்களை உட்காரவைத்து, நாலாவதாகத் தாங்கள் உட்கார்ந்து ஆடுகிறார்கள். ரோபோ கோபிக்காது. தப்பு செய்தால் கேள்விக்குறி போடாது. நல்ல சீட்டு இறக்கினால் "சபாஷ்" என்றும் சொல்லாது. கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் வந்த அந்தப் பாட்டிகளும் தாத்தாக்களும் தேடி வந்தது, எதிரே ஒரு மனிதன் இருக்கிறான் என்ற எண்ணத்தை. அவர்களை ரோபோவிடம் விரட்டியது ரோபோ அல்ல.